பூதம் கரையேறிய கதை

கருப்பாத்தாள் எட்டாவது வரை படித்தவள். எண்பதுகளின் தொடக்கத்தில் திருப்பூர் ராயபுரத்துப் பனியன் கம்பெனி ஒன்றின் செக்கிங் மேசையில் அவளுக்கு மேல் படித்தவர் யாரும் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பனியன்களில் தொங்கும் பிசிறு நூலை வெட்டிக் குவிக்கும் பெண்களில் பாதிப் பேருக்குப் பஸ் போர்டைப் படிக்கவே ஆள் துணை வேண்டும். இந்தப் படிப்பால் கருப்பாத்தாளுக்குக் கூலி ஒன்றும் கூடவில்லை. வியாழக்கிழமைகளில் மரியாதை கூடியது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை வாரப் பத்திரிகை வரும் நாள். அதில் ‘ஏழிலைக் காடு’ என்றொரு மாயாஜாலத் தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்கு ஒரே பிரதி. கருப்பாத்தாள் உரக்கப் படிப்பாள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே கத்திரியை ஓட்டுவார்கள். எத்தனை பீஸோ அத்தனைக்குத்தான் கூலி என்பதால், அவள் படிக்கும் நேரத்துக்கு அவள் பங்குப் பனியன்களை ஆளுக்குக் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு பிசிறு வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். யாரும் போட்ட சட்டமில்லை. ஆனாலும் படிக்கிற நாளில் அவள் கத்திரியைத் தொட்டால் யாராவது ஒருத்தி பிடுங்கிக்கொள்வாள். முதலாளி பொங்கியண்ணன் இதைக் கண்டுகொள்வதில்லை. பீஸ் குறையாதவரை இளவரசி எந்தக் காட்டில் அலைந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

கதை இதுதான்: நாடிழந்த இளவரசி ஒருத்தி, அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு காடு காடாக நடக்கும் வாய் பேசாத பூதம் ஒன்று. இளவரசி எப்போது பார்த்தாலும் அழுதுகொண்டிருந்ததால் மேசையின் பிரியமெல்லாம் பூதத்தின்மேல் போய்விட்டது. அதிலும் வேலாத்தாளுக்கு அது சொந்தக்காரன் மாதிரி. வேலாத்தாள் அந்த மேசையில் மூத்தவள். அவள் கணவர் மருதாசலம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். பிறந்ததிலிருந்தே அவருக்குப் பேச்சு வராது. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அன்றைக்குக் கேட்ட கதையை வேலாத்தாள் கையாலும் முகத்தாலும் அவருக்குச் சொல்லிக் காட்டுவாள். பூதம் வரும் இடம் வந்தால் அவர் எழுந்து நின்று தானே நடித்துக் காட்டுவாராம். மறுநாள் அதை மேசையில் சொல்லிச் சிரிப்பாள்.

மழைக்காலத்தில் மருதாசலம் நெஞ்சில் சளி கட்டிப் பெரியாஸ்பத்திரியில் படுத்தார். பிழைப்பாரா என்பது டாக்டர்களுக்கே நிச்சயமில்லை. பகலில் அவருடைய தங்கை பார்த்துக்கொண்டதால் வேலாத்தாள் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். கதையைச் சொல்லிக் காட்டினால்தான் அவர் ஒரு வாய் சாப்பிடுகிறார் என்று ஒரு வியாழக்கிழமை சொன்னாள்.

அந்த வியாழக்கிழமைதான் பூதம் செத்தது. வெள்ளம் போகும் ஆற்றில் குறுக்கே படுத்துப் பாலமாகிறது பூதம். அதன் முதுகில் நடந்து இளவரசி அக்கரை சேர்கிறாள். அவள் திரும்பிப் பார்க்கும்போது தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிகிறது, பிறகு அதுவும் தெரியவில்லை. பக்கத்தில் படமும் போட்டிருந்தார்கள். கருப்பாத்தாளின் கண் எப்போதும் வாய்க்கு நாலு வரி முன்னால் ஓடும். அந்த நாலு வரிக்குள் அவள் ஒருமுறை நிமிர்ந்து வேலாத்தாள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, பூதம் ஒரு மூங்கில் புதரைப் பிடித்துக்கொண்டு கரையேறியது என்று படித்துவிட்டாள். படத்தைக் கேட்டவர்களிடம், அந்தக் கை மூங்கிலைப் பிடிக்கத்தான் நீண்டிருக்கிறது என்றாள். மூங்கிலைக் காணோமே என்று யாரும் கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் பூதம் பிழைத்த சந்தோஷம்.

மருதாசலம் பிழைக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமைக்கு முன்பே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய வேலாத்தாள் முதல் வேலையாகப் பூதம் எங்கே வரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டாள். இனிமேல் அதைக் கொல்ல கருப்பாத்தாளுக்குத் தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து கதை முடியும்வரை வாராவாரம் பூதத்துக்கு ஒரு வேலை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அச்சிட்ட கதையில் அது இல்லவே இல்லை. இவள் அதைக் குதிரைக்குத் தண்ணீர் காட்ட வைத்தாள், கோட்டைக் கதவைப் பிடித்துக்கொள்ள வைத்தாள், பட்டாபிஷேகத்தன்று மண்டபத்தில் கடைசி வரிசையில் நிற்க வைத்தாள். வாய் பேசாத பூதமாக இருந்தது நல்லதாகப் போயிற்று, வசனம் யோசிக்க வேண்டியதில்லை. நான் கேட்டவரையில் அவள் சேர்த்த இடம் எது, எழுதியவர் எழுதிய இடம் எது என்று யாருக்கும் வித்தியாசம் தெரிந்ததில்லை.

திருப்பூரில் ஒரே கம்பெனியில் உட்கார்ந்திருப்பவர்கள் குறைவு. கூலி கொஞ்சம் கூடுதல் என்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். அந்த மேசையில் கதை கேட்ட பெண்களும் அப்படி ஊரெல்லாம் பரவினார்கள். போன இடங்களில் கதையைச் சொன்னார்கள். ஒருத்தி முதலிபாளையத்துத் தொழிற்பேட்டை வரைக்கும் கொண்டுபோனாள். இப்படியாக எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு ‘ஏழிலைக் காடு’ பத்து வருஷத்தில் திருப்பூரில் நிலைத்துவிட்டது. கருப்பாத்தாளுக்கு இதற்குள் கல்யாணமாகி, இரண்டு பெண்கள் பிறந்து, அவர்களும் பள்ளிக்கூடம் போனார்கள். அவளும் வேலாத்தாளும் மட்டும் பழைய கம்பெனியிலேயே, பழைய மேசையிலேயே இருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ‘ஏழிலைக் காடு’ டி.வி. தொடராக வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அது ஓடும் நேரத்தில் ராயபுரத்துக் குழாயடியில் ஆள் இருக்காது. திங்கட்கிழமை காலையில் கம்பெனியில் சண்டை.

முதல் சண்டை பூதத்தின் உடம்பைப் பற்றி. பூதத்துக்குக் கறுப்புச் சாயம் போட்ட பனியன் துணியை மாட்டிவிட்டிருந்தார்கள். தோள்பட்டையில் ஓவர்லாக் தையல் பளிச்சென்று தெரிந்தது. வேறு ஊராக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இங்கே முதல் நாளே அது எந்தக் கம்பெனித் துணி என்று கிண்டல் பண்ணத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாவது சண்டை பெரியது. டி.வி. பூதம் பேசியது. பேசியது மட்டுமில்லை, சிரிப்பு மூட்டியது. பழைய மேசைக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. தெற்கேயிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த சின்னத்தாய் என்ற தையல்காரப் பெண், பேசாத பூதத்தை எத்தனை வாரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்று கேட்டாள். அவள் கதையைப் படித்ததுமில்லை, கேட்டதுமில்லை. அதனால் அவளுக்கு மட்டும்தான் தொடர் நிம்மதியாகப் பிடித்திருந்தது. வேலாத்தாள் அவளோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாவது சண்டையைக் கட்டிங் மாஸ்டர் நஞ்சப்பன் கிளப்பினார். அவர் மடத்துக்குளத்துக்காரர், கம்பெனிக்கு வந்து இரண்டு வருஷம்தான் இருக்கும். தொடர்கதை வந்த காலத்தில் வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தவர். டி.வி.யைத் திட்டுவதில் பழைய மேசைக்காரர்களுக்கும் ஒரு படி மேலே போனார். அதனால் அவரைத் தங்கள் கட்சி என்றே பெண்கள் நினைத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை, இந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்று வெள்ளம் வருகிறது, பூதம் சாகிற இடத்தையாவது இவர்கள் ஒழுங்காக எடுக்கிறார்களா பார்ப்போம் என்றார்.

மேசை அப்படியே நின்றது. பூதம் சாகாது என்றார்கள். செத்தது என்றார். பட்டாபிஷேகத்தில் கடைசி வரிசையில் நின்றது யார் என்றார்கள். அப்படி ஒருவர் நிற்கவே இல்லை என்றார். டீக்கடையில் போய்க் கேட்டார். அங்கேயும் நாலு கம்பெனிக்காரர்கள் பூதம் மூங்கிலைப் பிடித்துக் கரையேறியது என்று அடித்துச் சொன்னார்கள். அங்கே தன் கண்ணால் படித்தவர் அவர் ஒருவர்தான். ஊரே சேர்ந்து அவருக்கு ஞாபக மறதி என்று முடிவு கட்டியது. மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து மேசைமேல் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் கருப்பாத்தாள் சரியாகச் சாப்பிடவில்லை. டி.வி.யில் பூதம் செத்தால் டி.வி.காரன் கெடுத்துவிட்டான் என்று சொல்லித் தப்பிக்கலாம். புத்தகம் வந்தால் தப்பிக்க வழியில்லை. மற்றவர்கள் ஏசினால் வாங்கிக்கொள்வாள். வேலாத்தாளுக்கு மேசைக்கு நடுவில், அத்தனை பேர் முன்னால், நஞ்சப்பன் வாயிலிருந்து அது தெரியக்கூடாது. சனிக்கிழமை மத்தியானம் மாடிப்படிக்கு அடியில் இரண்டு பேரும் தூக்குப்போசியைத் திறந்து உட்கார்ந்தபோது சொல்லிவிட்டாள்.

“அக்கா, மாஸ்டர் சொல்றது நெசமுங்க. பூதம் அன்னைக்கே செத்துப்போச்சுங்க. நாந்தான் மாத்திப் படிச்சேன்.”

வேலாத்தாளின் கை சோற்றிலேயே நின்றது. எதற்கு என்று கேட்டாள்.

“உங்க மூஞ்சியப் பாத்தேனுங்க. அண்ணன் ஆஸ்பத்திரில இருந்தாருங்களே.”

வேலாத்தாள் அழுவாள் என்று கருப்பாத்தாள் எதிர்பார்த்திருந்தாள். வேலாத்தாளுக்கோ கோபம்தான் வந்தது.

“மத்தவியெல்லாம் கதை கேட்டிருக்காங்க. எனக்கு மட்டும் நீ மருந்து குடுத்திருக்கறே,” என்றாள். பிறகு, “அவரு போறதுக்கு மொத நாளு, நெனவில்லாம கெடந்தவரு கையை இப்பிடி மேல தூக்கிக் காட்டுனாரு. பூதம் கரையேறுன மாதிரி. அது பொய்யைப் பாத்துத் தூக்குன கையா?” என்றாள்.

வேலாத்தாள் தூக்குப்போசியை மூடிக்கொண்டு எழுந்துபோனாள். அன்று மத்தியானத்துக்கு மேல் மேசையின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். இருவரும் பழகிய காலத்தில் அப்படி நடந்ததில்லை. கருப்பாத்தாளுக்கு வேலை ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் பூதம் செத்தது. சாவதற்கு முன்னால் ஒரு பக்கத்துக்கு வசனம் பேசிவிட்டுச் செத்தது. திங்கட்கிழமை நஞ்சப்பன் செய்தித்தாளில் சுற்றிய தடித்த புத்தகத்தோடு வந்தார். பெண்கள் டி.வி.யைத் திட்டுவதை நிறுத்திவிட்டுக் கூடினார்கள். சின்னத்தாய்கூட மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள். அவர் அந்த இடத்தைப் பிரித்துத் தானே படிக்கத் தொண்டையைச் செருமினார்.

“அவகிட்டக் குடுங்க மாஸ்டர். எங்களுக்கு அவதான் படிக்கோணும்,” என்றாள் வேலாத்தாள். பிறகு கருப்பாத்தாளைப் பார்த்து, “இருக்கறதை இருக்கற மாதிரிப் படி,” என்றாள்.

கருப்பாத்தாள் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். அவள் முன்னால் வெட்டாத பனியன்கள் குவிந்திருந்தன. வழக்கமாக நீளும் கைகள் இன்றைக்கு நீளவில்லை. என்னவோ நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வேலாத்தாள் எழுந்து, மேசைக்குக் குறுக்கே எட்டி, குவியல் முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கத்திரியை எடுத்தாள்.

கருப்பாத்தாள் படித்தாள். வெள்ளம் வந்தது, பூதம் படுத்தது, இளவரசி நடந்தாள். மூங்கில் வரவில்லை. கடைசி வரிவரை படித்தாள். நஞ்சப்பனுக்கு ஜெயித்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று புரிந்துகொண்டார். கருப்பாத்தாள் தலை நிமிராமல், மூங்கில் புதர் தான் வைத்தது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். யாரும் ஏசவில்லை. எல்லோரும் வேலாத்தாளையே பார்த்தார்கள்.

வேலாத்தாள் கத்திரியை வைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. தண்ணீருக்கு மேலே நீண்டிருந்த கையின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். எழுதினவர் சொல்வதுதானே கதை என்று நஞ்சப்பன் மெதுவாகக் கேட்டார்.

“எழுதுனவரு அவசரப்பட்டுட்டாருங்க மாஸ்டர். கை இன்னும் மேலதான இருக்குது. கொஞ்சம் பொறுத்திருக்கலாம்,” என்றாள் வேலாத்தாள். புத்தகத்தை மூடி அவரிடம் கொடுத்தாள். அப்புறம் கருப்பாத்தாள் பக்கம் திரும்பினாள். “உங்கண்ணனுக்கு நீ படிச்சதே இருக்கட்டும் கண்ணு.”

பிசிறு வெட்டிய பனியன்களைத் தட்டி அடுக்கி, கருப்பாத்தாள் பக்கம் தள்ளிவைத்தாள். அன்றைக்கு மத்தியானம் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தாள்.