முடிச்சுக்குள் இருந்த ஊசிச் சீட்டு

எழுதத் துணிந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பஜனையில்கூடப் பின்வரிசையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பவள். ஆனால் பெருமாள் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது மனசுக்குப் பாரமாக இருக்கிறது.

எங்களுக்குச் சிங்கவரம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற கொஞ்சம் நிலம் உண்டு. ஒரே மகள் கவிதா. போன ஆவணியில், அவள் ஏழு மாதக் கர்ப்பிணியாகப் புருஷன் ஊரில் இருந்தபோது, ரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் என்று வந்தது. நம் பக்கம் மேகநோய் என்பார்கள். மாப்பிள்ளைக்கும் இருந்தது. அங்கே ஒரு கிளினிக்கில் இருவரும் வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டுக்கொண்டார்கள். போட்ட தேதிகளை டாக்டர் ஒரு சீட்டில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்திருந்தார்.

வளைகாப்பு முடிந்து வந்தவள் அந்தச் சீட்டை என்னிடம் கொடுத்தாள். சொந்தக்காரர்கள் வந்து போகிற வீடு. யார் கண்ணிலாவது பட்டால்? கிழிக்கவும் பயம். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசோடு அதையும் மடித்து வைத்து முடிந்தேன். "குழந்தை நோயில்லாமல் பிறக்கட்டும். அதுவரை பிரிக்க மாட்டேன்" என்று வேண்டிக்கொண்டு பெருமாள் படத்தின் கீழே கட்டினேன். ஆஸ்பத்திரியில் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று கவிதாவிடம் சத்தியம் வாங்கினேன்.

ஐப்பசியில், செஞ்சியில் ஓர் ஆஸ்பத்திரியில், காலையில் பேரன் பிறந்தான். தாய் ரத்தமும் தொப்புள்கொடி ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் இருக்கிறது என்று வந்தது.

டாக்டரம்மா சின்ன வயசு. "இதுக்கு முன்னாடியே ஊசி போட்டீங்களா? எப்போ? எத்தன?" என்று கேட்டார்.

கவிதா என்னைப் பார்த்தாள். நான் "தெரியாதுங்க" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியலன்னா போடலன்னுதான் நாங்க எடுத்துக்கணும். முதுகுல ஊசி குத்தி நீர் எடுத்துப் பாக்கணும். பத்து நாள் மருந்து. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதறேன். நாலு மணிக்கு வண்டி வரும்."

பிறந்து மூன்று மணி நேரம் ஆகாத பிள்ளைக்கு முதுகில் ஊசி. என் ஒரு பொய்யால்.

லேபில் ரத்தம் பார்க்கிற அம்மாவிடம் ஓடினேன். "எம் பேரனுக்கு நோய் வந்துட்ச்சாம்மா?" என்று கேட்டேன். அவர் கையில் சின்ன ஊசியோடு குழந்தையிடம் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அழுவாதம்மா. நாங்க பாக்கறது கிருமியை இல்ல. அதை எதிர்த்து ரத்தத்துல உண்டாவற பொருளை. அது அம்மாகிட்டேர்ந்து வயித்துலயே குழந்தைக்குப் போவும். அதனால இருக்குதுன்னா நோய்னு அர்த்தம் இல்ல. தொப்புள்கொடில அம்மா ரத்தம் கலந்திருக்கும், அதை நம்ப முடியாது. இப்போ குழந்தை நரம்புலயே எடுத்து, அம்மாவோடதையும் சேத்து அளக்கப் போறேன். குழந்தைக்கு நாலு மடங்கு ஏறியிருந்தா ஆபத்து. ஏறலன்னாலும், அம்மாவுக்கு ஊசி போட்ட விவரம் வேணும். அதுதான் இல்லையே."

வராந்தாவில் நின்றேன். சீட்டு வீட்டில் இருக்கிறது. முடிச்சைப் பிரித்தால் வேண்டுதல் முறியும். முறிந்தால் குழந்தைக்கு என்ன ஆகுமோ. பிரிக்காவிட்டால் முதுகில் ஊசி. கண்ணை மூடினேன். "பெருமாளே, உனக்கு முடிந்தேன் என்று சொல்லி என் வெட்கத்தைத்தான் உன்னிடம் ஒளித்து வைத்தேன். மன்னித்துவிடு. எனக்கு வாயைக் கொடு" என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த நிமிஷம் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னாடி சொல்ற? சாமிக்கு முடிஞ்சத அவுக்கறதா?"

"நீ அவுக்காத. அப்டியே எட்த்துனு வா. நானே அவுக்கறேன்."

நேராக டாக்டரம்மாவிடம் போய், "நான் பொய் சொல்லிட்டங்க. ஊசி போட்டிருக்குது" என்றேன். பத்துப் பேர் எதிரில் நோயின் பேரையும் சொன்னேன். அந்தக் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

இரண்டரை மணிக்கு வீட்டுக்காரர் வேர்க்க வேர்க்கச் சைக்கிளில் வந்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்துப் பிரித்தேன். லேப் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, லேபுக்குக் காணிக்கையா?" என்றார்.

"காசு சாமிக்கு. சீட்டு மட்டும் ஒங்களுக்கு" என்றார் வீட்டுக்காரர்.

டாக்டரம்மா சீட்டைப் படித்தார். அந்தக் கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டார். பிறகு லேப் முடிவுக்காகக் காத்திருந்தோம். கவிதா என் கையை விடவில்லை. மூன்றரை ஆனது. வண்டி வந்து வாசலில் நின்றுவிட்டது.

முடிவு வந்தது. தாய்க்கு எட்டு. குழந்தைக்கு இரண்டு.

"குழந்தைக்கு ஏறல. உடம்பும் நல்லாருக்குது. அம்மாவுக்கு வேளையோட ஊசி போட்டிருக்கு. முதுகுல எடுக்க வேணாம். நாளைக்கு ஒரே ஊசி போதும். வண்டிய அனுப்பிடுங்க" என்றார் டாக்டரம்மா.

அதன் பிறகு சொன்ன மாதங்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஆறாம் மாதம் எதுவுமே இல்லை என்று வந்தது. அதற்கு முன்பே, தீட்டுக் கழிந்ததும் எங்கள் ஊர் மலையேறிப் பெருமாளைச் சேவித்து அந்தக் காசை உண்டியலில் போட்டேன். இப்போது பஜனையில் சத்தமாகப் பாடுகிறேன். தெருவில் யாராவது பெண் மாசமாக இருந்தால் நானே போய், "ரத்தம் பார்த்துக்கொள், சீட்டைப் பத்திரமாக வை" என்கிறேன்.

உங்கள் வீட்டிலும் வெளியே சொல்ல முடியாத கஷ்டம் இருக்கலாம். அதைப் பெருமாளிடம் ஒளித்து வைக்காதீர்கள், விட்டுவிடுங்கள். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல அவரே வாயைக் கொடுப்பார். எனக்கே கொடுத்தார்.

அன்று வண்டியை அனுப்பிய மறுநாள் காலை பேரனுக்கு அந்த ஒரு ஊசியைப் போட்டார்கள். கொஞ்சம் அழுதான். நான் வீட்டுக்கு வந்து மஞ்சள் துணியைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டேன்.