டேங்க் மூடிக்குள் ஒரு ரப்பர்

மறையூரில் பஸ்ஸை விட்டிறங்கி, காந்தலூர் மலைப்பாதையில் அப்பாவும் நானும் ஏறிக்கொண்டிருந்தோம். அவர் தலையில் தகரப்பெட்டி. என் தோளில் அம்மாவின் பழைய சேலையில் கட்டிய பாத்திர மூட்டை. பெருமாட்டியை விட்டு ஏன் போகிறோம் என்று நான் கேட்கவில்லை. அம்மா செத்துவிட்டாள், செத்த வீட்டில் இருக்கக் கூடாதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு நான் விட்டுவிட்டு நடந்த ஊர்கள் பல. முதல் ஊர் அதுதான்.

பெருமாட்டியில் ஒரு தென்னந்தோப்புக்காரரின் பழைய பிளசர் காருக்கு அப்பா டிரைவர். கார் நிற்கும் கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறை எங்கள் வீடு. மாசமானதிலிருந்து அம்மாவுக்குப் பெட்ரோல் வாடை ஆகவில்லை. எதைத் தின்றாலும் வாந்தி.

"ஏனுங்க, வண்டிய வேற எங்காச்சும் நிறுத்தப் படாதுங்களா? கொடலப் பொரட்டுது."

"அவுங்க கொட்டாய்ல அவுங்க வண்டி நிக்குது. நானென்ன சொல்றது? இரு, ஒரு வழி பண்றேன்."

வாடை டேங்க் மூடி வழியாகத்தான் வருகிறது என்று கண்டுபிடித்து, பழைய சைக்கிள் டியூபில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, மூடியின் உட்புறம் இறுக்கிப் பொருத்தினார். வாடை நின்றது. அன்று அம்மா ரசம் சோற்றை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கொஞ்ச நாளில் வண்டி வழியில் நிற்க ஆரம்பித்தது. எப்போதும் அல்ல. நல்லேப்பிள்ளிக்குப் போய் ஒழுங்காகத் திரும்பும். மறுநாள் பாதி வழியில் இருமி அணைந்துவிடும். அப்பா முதலில் மூடியைத் திறந்து, குச்சி விட்டு, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். பிறகு டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்பின்மேல் ஈரச்சாக்குப் போடுவார், அல்லது கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவார். வண்டி கிளம்பிவிடும். சாக்குப் போட்டுக் கிளம்பினால் சூடு என்பார். ஊதிக் கிளம்பினால் தூசி என்பார்.

தோப்புக்காரருக்கு அது வேடிக்கை. "ஏப்பா, உன்ற பொண்டாட்டிக்குத் தொணையா வண்டியும் மாசமாயிருச்சாட்ட இருக்குது. கொஞ்ச தூரம் போனா உக்காந்துக்குது." உள்ளேயிருந்து அம்மாவும் சிரிப்பாள்.

ஆடிக்காற்று ஆளைத் தள்ளுகிற ஒரு முற்பகலில் அவளுக்கு வலி கண்டது. எந்த நேரமும் தேவைப்படும் என்று அப்பா டேங்கை நிறைத்து வைத்திருந்தார். சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே வண்டி நின்றது. அன்று அவர் மூடியைத் திறக்கவில்லை. நிறைந்த டேங்கில் குச்சி விட்டு என்ன பார்ப்பது? சாக்கை நனைத்துப் போட்டார். ஊதினார். எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி உள்ளங்கைத் தோல் உரிந்தது.

பின்சீட்டில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "பதறாதீங்க. எப்பவுமாட்ட, ஆறுச்சுன்னா கெளம்பிரும்."

ஆறியும் கிளம்பவில்லை. அவ்வழியே வந்த மாட்டுவண்டியில் அவளை ஏற்றினோம். ஆஸ்பத்திரிக் கட்டடம் கண்ணில் பட்டபோது அம்மா பேச்சை நிறுத்தியிருந்தாள். குழந்தையும் தங்கவில்லை.

காரியங்கள் முடிந்தபின், காரை மெக்கானிக்கிடம் விட்டு வரச் சொன்னார் தோப்புக்காரர். நானும் கூடப் போனேன். வழியில் வழக்கம்போல நின்றது. அன்று ஓர் ஓலைகூட அசையவில்லை. அப்பா இறங்கி, குச்சியை எடுத்துக்கொண்டு மூடியைத் திருகினார். உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. இத்தனை நாள் காற்றின் இரைச்சலில் அது கேட்டதில்லை. மூடியைப் புரட்டி ரப்பரை நெம்பி எடுத்தார். அதற்கடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. வெயிலுக்கு நேராகப் பிடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்ரோல் குறையக் குறைய அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பம்பு எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. துளை அடைபட்டிருந்தால், மூடியைத் திறந்தால்தான் போகும். லாரி கிளீனராக அலைந்த காலத்தில்தான் இதை நான் தெரிந்துகொண்டேன்.

ரப்பர் இல்லாமல் மூடினார். உடனே கிளம்பியது. மெக்கானிக்கிடம் போகவில்லை. எல்லைச் செக்போஸ்ட் வரை ஓட்டிப் போய்த் திரும்பினோம். எங்கேயும் நிற்கவில்லை. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"இனி நிக்காதுங்களா அப்பா?"

"நிக்காது கண்ணு."

தோப்புக்காரரிடம் சாவியைக் கொடுத்து, "வண்டி நல்லா இருக்குதுங்க" என்றார். அறைக்கு வந்து தகரப்பெட்டியில் துணிகளை அடுக்கத் தொடங்கினார்.

மலையேறிய அன்றிரவு காந்தலூர்க் கோவில் மண்டபத்தில் படுத்தோம். விடிந்ததும், பூண்டு பயிரிடுகிறவர் ஒருவர் ஆள் தேடி வந்தார்.

"பொள்ளாச்சிப் பக்கமா? ஜீப்பு ஓட்டத் தெரியுமாவே? ஓட்டிக்கிட்டிருந்த பய சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான்."

"தெரியாதுங்க."

நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, நீங்க டிரைவருங்கல்ல?"

"இந்தப் பய என்னமோ சொல்லுதானே?"

"வெளையாட்டுப் பையனுங்க. மம்பட்டி வேலையிருந்தாக் குடுங்க."

பூண்டுத் தோட்டத்துக்குக் கீழே பாதையில் அந்த ஜீப்பைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அது இருமி இருமி அணைந்தது. அப்பா மண்வெட்டியை ஓங்கியபடி ஒரு கணம் நின்று காதுகொடுத்துக் கேட்டார். பிறகு குனிந்து பாத்தி வெட்டத் தொடங்கினார். அன்று பொழுது சாயும்வரை நான் அவரோடு பேசவில்லை. தெரிந்த வேலையைத் தெரியாது என்று சொல்லிவிட்டாரே. ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து வரலாம் என்று இருந்தேன்.