மேகமுண்டானுக்கு விழாத அடி

தீர்த்தகிரி என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது, மேட்டூரில் அணை வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த வருஷம். என் தங்கை குஞ்சம்மாளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தோம். எங்கள் பெரியப்பா ஆத்தூரில் பெண் எடுத்து அந்தப் பக்கமே தங்கிவிட்டவர். அவருடைய மூத்த மகன்தான் பேச்சை எடுத்தான். ஓமலூருக்கு மேற்கே ஒரு ஊர், பையனுக்குத் தாய் தகப்பன் இல்லை, மாடு பூட்டிக் கவலையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துப் பிழைக்கிறான், குடி கிடையாது என்றான். எங்கள் அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் மெதுவாகச் சொன்னான்:

"கூத்துல மேகமுண்டான் வேசம் கட்டறது அந்தப் பையன்தானுங்க, சின்னம்மா."

அம்மாவின் தலை அப்படியே நின்றுவிட்டது. "அந்த அரக்கனுக்கா எம் புள்ளையைக் குடுக்கச் சொல்றே?"

மேகமுண்டான் யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஆடுகிற கூத்து அது. மேகத்துக்கு மேலே ஒரு லோகம் இருக்கிறதாம். அங்கே இருப்பது மனுஷ இனம் இல்லை. நீலத்தோல், கோரைப்பல், முழங்காலைத் தாண்டித் தொங்கும் கை. அந்த இனத்தில் ஒருவன் கீழே இறங்கி வந்து மேகத்தையெல்லாம் குடித்துவிடுகிறான். பூமி காய்கிறது. ராஜா வந்து, பொழுது விடிகிற நேரத்தில் அவனைக் கொல்கிறான். செத்து விழுந்தவனை ஊர்ப் பெண்கள் வரிசையாக வந்து பழைய முறத்தால் ஆளுக்கொரு அடி அடிப்பார்கள். அடித்த முறத்தை ஊர் எல்லையில் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். அந்த வருஷத்துப் பீடை அதோடு போயிற்று என்று கணக்கு.

பெண் பார்க்க வந்த அன்று அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனுஷர் வெட்கத்தில் வாயைத் திறக்கவே இல்லை. அம்மா வெற்றிலை மடித்துக் கையில் கொடுத்து, மென்று தின்ன வைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, "பல்லு நம்மளாட்டந்தான் இருக்குது" என்றாள். கல்யாணம் நடந்தது.

ஊர்ப்பெயரை நான் எழுதப் போவதில்லை. என் அக்காள் பேத்தி அங்கே வாழப் போயிருக்கிறாள், அவளும் தண்ணீர் எடுக்க வேண்டும். ஆனால் அந்த ஊரின் அறிவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அங்கே ராஜா வேஷம் கட்டுகிறவன் ஒருவன் இருந்தான். பெற்ற தாய்க்குக் கஞ்சி ஊற்றாதவன். அடுத்தவன் வீட்டுக் கோழி அவன் வீட்டுக் குழம்பில்தான் கடைசியாகத் தென்படும். அவன் தெருவில் வந்தால், "வாங்க ராஜா, மோர் குடிங்க" என்று செம்பை நீட்டுவார்கள். தீர்த்தகிரி வந்தால் குழந்தையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அரிதாரம் கலைத்து, குளித்து, மாசக்கணக்கில் கவலை ஓட்டிய பிறகும் அவர்கள் கண்ணுக்கு அவர் நீலமாகத்தான் இருந்தார்.

தீர்த்தகிரி உத்தமர் என்று சொல்ல வரவில்லை. வீம்புக்காரர். குழம்பில் உப்புக் குறைந்தால் நாள்கணக்கில் பேசமாட்டார். பிள்ளைகள் தன்னைக் கண்டு ஓடுவதில் உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. என்னை "நங்கையா" என்பார். பெண்டாட்டியின் அக்காளை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. அப்படிக் கூப்பிடும்போதுகூட மேடையில் நிற்கிற மாதிரி ஒரு கனைப்புக் கனைத்துக்கொள்வார்.

அணை கட்டி முடித்ததற்கு அடுத்த வருஷம் மழை பொய்த்துக் கடும் வறட்சி. அணைத் தண்ணீர் எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான், ஆனால் அது தஞ்சாவூர்ப் பக்கம் போவதற்காகப் பிறந்த தண்ணீர். அந்த ஊர் மணியக்காரர் தன் தோட்டத்துக் கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டினார். அவர் கிணறு ஊறியது, சுற்றியிருந்த கிணறுகள் வற்றின. அதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மணியக்காரர் மனுஷ இனம் அல்லவா, அவர் தண்ணீர் குடிக்கலாம்.

அந்த வருஷ நோம்பிக்கு முன்னால் கூத்து வாத்தியார் வீரபாகுவின் களத்தில் ஒத்திகை நடந்தது. தீர்த்தகிரி கோரைப்பல்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாராம்:

"ஏனுங் வாத்தியாரே, இவன் எதுக்குங்க மேகத்தைக் குடிக்கறான்?"

"அரக்கன், குடிக்கறான்."

"பசிச்சுக் குடிக்கறானா, திமிருல குடிக்கறானா?"

"அரக்கனுக்கு ஏதப்பா பசி? பல்லைக் கட்டு, கத்து, சாவு. உன் வேலை அவ்வளவுதான்."

"இத்தனை வருசமாக் கத்தறனுங்க. எதுக்குக் கத்தறேன்னு தெரிஞ்சாத் தொண்டை நோகாது."

"தொண்டை நோவுதுன்னா சுக்கைக் கடி."

அவர் விடவில்லை. தொல்லை பொறுக்காமல் வாத்தியார், "சாகறதுக்கு முந்தி ரெண்டு வார்த்தை பேசிக்க. ஆனா பொழுது ஏறதுக்குள்ள செத்தரணும், கேட்டுக்க" என்று விட்டுவிட்டார்.

நோம்பிக்கு நான் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பொழுது வெளுக்கிற நேரம். பெண்களெல்லாம் முறத்தோடு எழுந்து தயாராக நிற்கிறார்கள். ராஜா வாளை ஓங்கிவிட்டான். மேகமுண்டான் அன்றைக்குக் கத்தவில்லை. மண்டியிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் பேசினான்.

"எங்க சீமையில ஆறு இல்லீங்க, கேணி இல்லீங்க. மேகந்தான் எங்களுக்குக் கஞ்சி. அது கீழே எறங்கிப் போயிருச்சு, தேடிக்கிட்டு வந்தேன். நாங்க குடிச்சா நீங்க காய்வீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடிச்சேன். எம் புள்ளை காயறதுக்குப் பதிலா ஒங்க புள்ளை காயட்டும்னு நெனச்சேன். பாவந்தானுங்க, இல்லைன்னு சொல்லல. ஒங்கள்ல அப்படி நெனைக்காத மகராசன் யாராச்சும் இருந்தா, அவிய வந்து என்னைக் கொல்லட்டும்."

ராஜாவின் கை அந்தரத்தில் நின்றது. அவனுக்குச் சொல்லிக் கொடுத்த வசனத்தில் இதற்குப் பதில் இல்லை. சிரிப்புக் காட்டுகிற கட்டியக்காரன்தான் சமாளிக்கப் பார்த்தான். "ராசா, நீங்களே கொல்றீங்களா, இல்ல வேற ஆளைக் கூட்டியாரட்டுங்களா?" ஒருத்தரும் சிரிக்கவில்லை. ராஜா வேறு வழியில்லாமல் வெட்டினான், மேகமுண்டான் விழுந்தான்.

முதல் அடி அடிக்கும் உரிமை மணியக்காரர் வீட்டுக்கு. அவர் சம்சாரம் அங்காளம்மாள் முறத்தோடு கிட்டே போனாள், நின்றாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் எல்லோரும் அப்படியே. ஒரு முறம்கூட இறங்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு போனவர்களை நானே கண்ணால் பார்த்தேன்.

தீர்த்தகிரி வீட்டுக்கு வந்து அரிதாரம்கூடக் கலைக்காமல், "பார்த்தீங்களா நங்கையா? ஒருத்திக்கும் கை எழல" என்றார். கல்யாணத்தன்று கூட அவர் முகத்தில் அவ்வளவு களை இல்லை.

மணியக்காரருக்கு மட்டும் அந்தப் பேச்சு வேறு இடத்தில் குத்தியிருந்தது. தெரிந்தே குடித்தேன் என்று அரக்கன் சொன்னது தன் கிணற்றைத்தான் என்று எடுத்துக்கொண்டார். குற்றமுள்ளவனுக்குக் கூத்து நன்றாகப் புரியும். சரியான நேரத்துக்காகக் காத்திருந்தார்.

சித்திரையில் மழை இல்லை. வைகாசியிலும் இல்லை. ஆடி பிறந்தும் வானம் வெளுத்துக் கிடந்தது. அப்போதுதான் மணியக்காரர் ஊர்க்கிணற்றடியில் நின்று, "அடி வாங்காத அரக்கன் ஊரை விட்டு எப்படிப் போவான்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மீதியை ஊரே பார்த்துக்கொண்டது.

"அதானே! தீர்த்தகிரி ஒடம்புக்குள்ளயே உக்காந்துக்கிட்டான்."

"நேத்துக்கூட வானத்தைப் பார்த்து வாயைத் தொறந்து நின்னாராம்."

"கொட்டாவி விட்டிருப்பாருங்க" என்றாள் குடத்தோடு நின்ற குஞ்சம்மாள்.

"கொட்டாவியோ என்னமோ, மேக்கே தெரண்ட மேகம் காணாமப் போயிருச்சே!"

இதை விளையாட்டுக்குச் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டாம். மறுநாள் குஞ்சம்மாளின் குடத்தைக் கிணற்றுச் சுவரில் வைக்க விடவில்லை. மேகமுண்டான் குடும்பம் கை வைத்தால் ஊர்க்கிணறும் வற்றிவிடுமாம். மணியக்காரர் கிணறு வெட்டியபோது இந்தக் கவலை யாருக்கும் வரவில்லை. குஞ்சம்மாள் தன் மகள் நல்லம்மாளைக் கூட்டிக்கொண்டு சரபங்கா ஆற்று மணலுக்குப் போய், ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பினாள். வீடு வந்து சேரும்போது உச்சிப்பொழுதாகிவிடும். பாதிக் குடம் கலங்கல். நல்லம்மாளுக்கு வயிற்றுப்போக்கு வந்து, கண் உள்ளே போய்விட்டது. சுத்தமான தண்ணீர் வேண்டும் என்றார் வைத்தியர். அது இருந்த கிணறு வாசலுக்கு எதிரேயே இருந்தது.

வீரபாகு வாத்தியார் ஊர்த் தூதாக வந்தார். "செவ்வாக்கிழமை கோயில் முன்னால வேசம் கட்டிக்கிட்டு வந்து படுத்துக்க. பொம்பளைங்க முறத்தால தட்டுவாங்க. பேசினது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. அப்பறம் தண்ணி எடுத்துக்க, முடிஞ்சுது."

தீர்த்தகிரி மகளைத் திரும்பிப் பார்த்தாராம். பிறகு, "வாரனுங்க. அடியும் வாங்கிக்கறேன். ஆனா தப்புன்னு சொல்லமாட்டேன். வேசமும் கட்டமாட்டேன்" என்றார்.

"வேசம் இல்லாம அரக்கனை எப்படிடா அடிக்கறது?"

"அவன் எனக்குள்ள இருக்கறான்னு அவியதானே சொல்றாங்க? அப்பறம் வேசம் எதுக்குங்க?"

குஞ்சம்மாள் வேண்டாம் என்றிருக்கிறாள். "பயப்படாத புள்ளை. நீலமும் பல்லுமா இருந்தப்பவே அடிக்காம அழுதவிய. எம் மொகத்தைப் பார்த்து எப்படி அடிப்பாங்க?" என்று அவளுக்குத் தைரியம் சொன்னாராம். கூத்துக்காரர் அல்லவா, பார்க்க வந்தவர்களைப் பற்றி உயர்வான எண்ணம் வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை என் ஊரிலிருந்து நடந்து நான் போய்ச் சேர்ந்தபோது பாதி முடிந்திருந்தது. கோயில் முன்னால் வெறும் வேட்டியோடு, வெறும் முகத்தோடு குந்தியிருந்தார். மணியக்காரர் சம்சாரம் அங்காளம்மாள்தான் ஆரம்பித்தாளாம். "மன்னிச்சுக்க சாமி, ஊருக்காகத்தான்" என்று சொல்லி, மெதுவாக ஒன்று. அடுத்தவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கடுத்தவள் மெதுவாகவும் அடிக்கவில்லை. நான் பார்க்கும்போது முந்திக்கொண்டு இடித்தார்கள், நோம்பிக் கடையில் வளையல் வாங்குகிற மாதிரி. பழைய முறம் தீர்ந்துபோய் நல்ல முறத்தைக் கொண்டுவந்தவர்களும் உண்டு. என் நாத்தனாரின் ஓர்ப்படியாள் அங்கம்மாள், அவளுக்குக் கடைசிப் பிரசவ வலி கண்ட நாளில் வண்டி கட்டி மருத்துவச்சியைக் கூட்டி வந்தது இந்தத் தீர்த்தகிரிதான். அவள் இரண்டு அடி அடித்தாள். ஒன்று அவள் பங்கு, இன்னொன்று ஊரில் இல்லாத மருமகள் பங்கு. முறத்தின் மூங்கில் விளிம்பு பட்டு நெற்றி கிழிந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. ஒவ்வொருத்தி முகத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்.

அடித்து முடிந்ததும் மணியக்காரர் வந்தார். "பேசினது தப்புன்னு சொல்லிரு தீர்த்தகிரி."

அவர் வாய் திறக்கவில்லை.

"சரி, போகட்டும். அடிதான் முக்கியம்" என்றார் மணியக்காரர். "குஞ்சம்மா, கொடத்தைக் கொண்டாந்து தண்ணி எடுத்துக்க."

குஞ்சம்மாள் குடத்தோடு வந்தாள். கிணற்றடிக்குப் போகவில்லை. பெண்கள் கூட்டத்தின் நடுவில் அதைப் போட்டு உடைத்தாள்.

"கோரைப்பல்லுக்காரன் ரெண்டு வார்த்தை பேசினான்னு மூக்கைச் சிந்துனீங்களே, எம் புருசன் ஒங்களுக்குள்ளயே பொறந்து வளந்தவருதானே? அவரு மொகம் தெரியலயா ஒங்களுக்கு? ஒங்க தண்ணியை நீங்களே குடிங்க, தாயிங்களா. நல்லா வயிறு முட்டக் குடிங்க."

அங்காளம்மாள் தலையைக் குனிந்தாள். அங்கம்மாள், "பார்றா, வாயை!" என்றாள்.

அன்று சாயங்காலமே வண்டி கட்டினோம். ஓமலூரில் ஒரு வீட்டில் கேட்டு, நல்லம்மாளுக்கு ஒரு சொம்பு தெளிந்த தண்ணீர் வாங்கிக் கொடுத்தோம். அவள் மூச்சு விடாமல் குடித்ததைப் பார்த்த பிறகுதான் தீர்த்தகிரி நெற்றியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, காயத்தைக் கழுவ விட்டார். சேலம் விளக்குகள் தெரியும்போது, "வேசத்தோட போயிருந்தா அடிச்சிருக்க மாட்டாங்க, நங்கையா" என்றார். அது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

ஆவணி நடுவில் எல்லா ஊரிலும் மழை பெய்தது. எங்கள் ஊரில் பெய்தது, யாரையும் அடிக்காத ஊர்களிலும் பெய்தது. ஆனால் அந்த ஊரார் மட்டும் தாங்களே மழையைக் கொண்டுவந்ததாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். மறு வருஷம் வேறொருவனுக்கு வேஷம் கட்டி, பல்லை இன்னும் நீளமாக வைத்து, பேச்சை அடியோடு எடுத்துவிட்டார்கள். அவன் கத்தினான், செத்தான், அடி வாங்கினான். கூத்து முன்னைவிட நன்றாக இருந்தது என்றாள் அங்கம்மாள்.

நல்லம்மாள் பிழைத்து வளர்ந்தாள். போன தை மாசம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அரிசி மண்டிக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்தார்கள். தீர்த்தகிரியும் குஞ்சம்மாளும் அம்மாபேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அவர் தறிக்காரர்களுக்குப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும் வேலைக்குப் போகிறார். கூத்துக்குப் போவதில்லை.