புத்தகத்தின் எதிர்ப்பக்கம்

இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்காருகிறார்கள். ஒருவன் முதுகை இன்னொருவன் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு புத்தகத்தை மடியில் வைத்துப் படிக்கிறார்கள். இந்தப் பேத்துப்பாறை மலையில் உருளைக்கிழங்குக் காட்டு வேலைக்குப் போகும்போது ஜன்னல் வழியாக இதைப் பார்ப்பேன். பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். எங்களைப் போலத் தாய்நாடு திரும்ப இலங்கைத் தோட்டங்களில் பெயர் கொடுத்துவிட்டு இன்னும் காத்திருக்கிறவர்களே, பிள்ளைகளோடு கப்பலேறுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே அறை. ஒரே வாத்தியார். வகுப்புக்கு ஒரு புத்தகம். அதைத் தரையில் விரித்துச் சுற்றி உட்காருவார்கள். புத்தகத்தின் நேர்ப்பக்கம் கங்காணி வீட்டுப் பிள்ளைகளுக்கு. கொழுந்து பறிக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு மிச்சமுள்ள பக்கம். என் மகள் பாக்கியத்துக்குக் கிடைத்தது எதிர்ப்பக்கம். அங்கிருந்தே எழுத்துகளைத் தலைகீழாகப் படித்தாள். எப்படிப் பார்த்தாளோ அப்படியே சிலேட்டில் எழுதினாள். எதிரே நின்ற வாத்தியாருக்கு அது நேராகத் தெரிந்தது. சரி போட்டுவிட்டுப் போனார். இப்படியே நாலாம் வகுப்பை முடித்தாள். எனக்கும் தெரியாது.

இங்கே வந்து அவளைச் சேர்க்கப் போனபோது, தலைமையாசிரியர் சோதித்துப் பார்க்க மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டினார். அவள் அதைத் தரையில் வைத்து, தலைகீழாகத் திருப்பி, தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசித்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"என்னய்யா இது, புள்ளைக்குப் புத்தகம் பிடிக்கவே தெரியல? எங்கேயோ கேட்டு ஒப்பிக்குது."

"இந்தப் புத்தகத்தை அவ இன்னைக்குத்தாங்க ஐயா பாக்குறா. எப்படிங்க ஒப்பிப்பா?"

"அப்ப நேரா வச்சுப் படிக்கச் சொல்லு."

நேராக வைத்தாள். முன்பின் தெரியாத ஆட்களைப் பார்ப்பதுபோல் எழுத்துகளைப் பார்த்தாள்.

"பாத்தியா? ஒண்ணாப்புலதான் போட முடியும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்களும் எதிர நின்னுதானே புள்ளைங்க சிலேட்டைப் பாக்குறீங்க? உங்களுக்கும் தலைகீழாத்தானே தெரியுது?"

உள்ளே இருந்த பிள்ளைகள் சிரித்தன. அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் வாத்தியார்யா! கெளம்பு வெரசா, எனக்குச் சோலி கெடக்கு."

பத்து வயதுப் பெண் மூக்கொழுகும் குழந்தைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "தலைகீழ் சிலோன், தலைகீழ் சிலோன்" என்று அதுகள் கூப்பிட்டன. ஒரு நாள் அதைக் காதால் கேட்டுவிட்டு வந்த என் மனைவி செல்லம்மா, கூடையைத் தொப்பென்று போட்டாள்.

"முழுப் பரிட்சைக்குள்ள நேரா வாசிக்கட்டும். இல்லாட்டி என்னோட கெழங்குக் காட்டுக்கு வரட்டும். வளந்த புள்ள, அங்க உக்காந்து அவமானப்படணுமா?"

அவள் சொன்னால் செய்கிறவள். அதனால் வேலை முடிந்து வந்ததும் நானே உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். பாக்கியத்தின் கை தன்னால் புத்தகத்தைத் திருப்பப் போகும். தட்டிவிடுவேன். "எனக்குத்தான் படிக்கத் தெரியுமேப்பா" என்று அழுவாள். தாய்நாடு, தாய்நாடு என்று சொல்லி எங்களை அனுப்பினார்கள். இங்கே வந்து என் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம், தெரிந்ததை மறப்பது எப்படி என்பதைத்தான்.

பரீட்சையில் நேராக வைத்தே வாசித்தாள். விரலை வைத்து, ஓரோர் எழுத்தாக, திக்கித் திக்கி.

"பரவால்லய்யா, தேறிட்டா. ரெண்டாப்புல உக்காரட்டும்" என்றார் தலைமையாசிரியர். உதவி செய்கிறவர் குரலில் சொன்னார். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். கிழங்குக் காட்டிலிருந்து அவள் தப்பினாள், அதற்காகக் கும்பிட்டேன். அங்கே அவள் படித்த வருஷங்களை யார் விழுங்கினார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

இப்போது பாக்கியம் புத்தகத்தைத் திருப்புவதில்லை. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. போன ஞாயிற்றுக்கிழமை விறகோடு வந்தவன் வாசலில் நின்றுவிட்டேன். புத்தகம் தரையில் விரிந்து கிடந்தது. அவள் எழுந்தாள். அதைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். விரல் வைக்காமல், மடமடவென்று பக்கங்களைப் புரட்டி, தனக்குள் சிரித்துக்கொண்டே படித்தாள். விறகை இறக்கிய சத்தம் கேட்டதும் சட்டென்று எழுந்து நேர்ப்பக்கம் வந்து, முதல் எழுத்தின் அடியில் விரலை வைத்தாள்.