அப்படி ஒருவன் இந்தத் தெருவில் இல்லை

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் பொய் சொல்லமாட்டார்கள். போலீஸ்காரரிடம் சொல்வது மட்டும் அவர்கள் கணக்கில் பொய்யாகாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் பினாங்குக்குப் போகப் பட்ட பாடு யாருக்கும் விளங்காது.

எங்கள் தெரு கோயிலை நம்பிய தெரு. ஆண்களில் பாதிப் பேர் பெருமாள் புறப்பாட்டில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் இருந்தார்கள். கோஷ்டி ஒன்றல்ல, இரண்டு. யார் முன்னால் நின்று சேவிப்பது, எந்த வரியை யார் முதலில் எடுப்பது என்று இரண்டுக்கும் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வழக்கு. உற்சவத்துக்கு உற்சவம் பெருமாள் சர்வ அலங்காரத்தோடு எழுந்தருளியிருப்பார். அவருக்கு எதிரிலேயே ஒரு தள்ளுமுள்ளு நடக்கும். யாருடைய அங்கவஸ்திரமாவது கிழியும். அடுத்த வாரம் காக்கிச்சட்டை ஒன்று சம்மனோடு தெருவுக்குள் நுழையும்.

நுழைந்ததுமே தெரு முழுக்க ஒரே பதில்தான்: "அப்படி ஒருத்தர் இந்தத் தெருவிலே இல்லையே!" சம்மனில் பெயர் உள்ளவர் கொல்லை வழியாக நழுவிவிடுவார். வேடிக்கை என்னவென்றால், எதிர்க் கோஷ்டிக்காரரைக் கேட்டாலும் அதே பதில்தான். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள் காக்கிச்சட்டையைக் கண்டால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகிவிடுவார்கள். சண்டை நமக்குள்ளே, அதில் சர்க்காருக்கு என்ன வேலை என்பது அவர்கள் நியாயம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, அது என் தலையிலேயே வந்து விடிகிற வரைக்கும்.

அப்போது முதல் யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மெட்ரிகுலேஷன் தேறிவிட்டுப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு ஜவுளிக் கடையில் இங்கிலீஷ் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். பம்பாய்க்காரருக்கும் பங்களூர்க்காரருக்கும் "தங்கள் மேலான உத்தரவுப்படி" என்று தினமும் எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. காலையில் கடைக்கு நடந்து போகும்போது நெசவுக்காரர் தெருக்களில் பாவு நீட்டியிருப்பார்கள். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் நூல் ஓடும். அதற்கு வழிவிட்டுச் சுவரோரமாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். கஞ்சி வாசனை வேஷ்டியில் ஏறிக்கொள்ளும். அன்றைக்கு அதைக் கண்டால் எரிச்சல். பின்னால் பினாங்கில் ரப்பர் வாசனைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அந்தக் கஞ்சி வாசனைக்கு நான் ஏங்கிய ஏக்கம் சொல்லி முடியாது.

பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த சிநேகிதன் ஒருவன் பினாங்கில் இருந்தான். அவன் வேலை பார்த்த சரக்குக் கிடங்கில் ஒரு குமாஸ்தா வேண்டியிருந்தது. என் கையெழுத்தைக் காட்டி எனக்கே அந்த வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டான். ஆடி பிறப்பதற்குள் கப்பல் ஏறினால் வேலை என்னுடையது, இல்லாவிட்டால் வேறு ஆள். ஆனால் நினைத்த மாத்திரத்தில் கப்பல் ஏறிவிட முடியாது. அக்கரைக்கு வேலைக்குப் போகிறவனுக்குச் சர்க்கார் அனுமதி வேண்டும். மனு எழுத வேண்டும், போட்டோ ஒட்ட வேண்டும், அம்மை குத்திக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் ஆள் உண்மையானவன்தானா என்று போலீஸ் நேரில் வந்து விசாரிக்கும்.

போட்டோ பிடிக்கிறவர் என் நெற்றியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். திருமண் வெள்ளையாகப் பளிச்சென்று அடிக்கும், துடைத்துவிட்டு வாருங்கள் என்றார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். படம் வந்தபோது நாமம்தான் முதலில் தெரிந்தது, அதற்குப் பின்னால் எங்கேயோ நான் இருந்தேன்.

இத்தனைக்கும் பெரிய தடை சர்க்கார் அல்ல, என் அப்பா. அவர் கோஷ்டியில் முதல் வரிசைக்காரர். கடல் தாண்டினவனோடு பந்தியில் உட்காரக்கூடாது என்று நம்புகிற தலைமுறை. ஒரு நாள் தீர்த்தம் வாங்குகிற இடத்தில் யாரோ, "உம்ம பிள்ளை கப்பல் ஏறப் போறானாமே?" என்று கிண்டிவிட்டார்கள். அப்பா அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "ஏறினானானால் எனக்குப் பிள்ளை கிடையாது" என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அன்றிலிருந்து என்னோடு பேச்சும் இல்லை. நான் எதிரிலேயே நிற்பேன். அவர் சுவரைப் பார்த்து அம்மாவிடம், "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்பார். பிடிவாதத்தில் நானும் அவர் பிள்ளைதான். அம்மா நடுவில் கிடந்து அல்லாடினாள். தினமும் எனக்குப் பிடித்ததாகப் பார்த்துத் தளிகை பண்ணுவாள், பரிமாறும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

வைகாசி உற்சவம் முடிந்தது. அந்த வருஷம் தள்ளுமுள்ளு கொஞ்சம் பலம். ஒருவருக்குப் பல் போயிற்று. நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு சாயங்காலம் கடையிலிருந்து திரும்பி வருகிறேன், எதிராத்து மாமா வாசலிலேயே காத்திருந்தார். அவர் எதிர்க் கோஷ்டியில் பெரிய தொண்டைக்காரர். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"உன்னைத் தேடிண்டு ஏட்டு ஒருத்தன் வந்தான்டா! கையிலே காயிதம், அதிலே உன் பேரு. ஒவ்வோர் ஆத்து வாசல்லேயும் நின்னு நின்னு கேட்டான். ஒருத்தராவது வாயைத் திறக்கணுமே! நான் என்ன சொன்னேன் தெரியுமோ? பொறந்ததிலேருந்து இங்கேதான் இருக்கேன், அப்படி ஒரு பேரே கேட்டதில்லைன்னுட்டேன்."

"மாமா, அது சம்மன் இல்லை மாமா. நான் பினாங்குக்குப் போறதுக்கு நடக்கிற விசாரணை. நான் இந்தத் தெருவிலே இருக்கேனா இல்லையான்னு பார்க்கத்தான் வந்திருக்கார்."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி, முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதோ? உற்சவத்திலே நீயும் கை வச்சுட்டேன்னு நினைச்சோம்" என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாயிற்று.

ஆத்துக்குள் போனேன். எங்கள் வாசலிலும் ஏட்டு கேட்டிருப்பார் இல்லையா? அம்மாவைக் கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்பாதான் பதில் சொன்னார்."

"என்னன்னு?"

"அப்படி ஒருத்தன் இந்த ஆத்திலே இல்லைன்னு."

ஊரே சொன்ன அதே வார்த்தை. ஊரார் என்னைக் காப்பாற்றச் சொன்னார்கள். அப்பா எதற்குச் சொன்னார்? தெருவோடு தெருவாகப் பழக்கத்தில் சொன்னாரா, அல்லது தீர்த்தம் வாங்குகிற இடத்தில் சொன்னதை இப்போது சர்க்காரிடமும் சொல்லிவிட்டாரா? அவரைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வேலை போனால் போகட்டும், இது மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தது. உண்மையாகவே மனசு உடைந்துபோயிற்று.

மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஏட்டு நடுவயசுக்காரர், நல்ல மனுஷர். என்னைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"இன்னா சாமி இது! ஒரு வூடு விடாம கேட்டுக்கினு வந்தேன். அப்டி ஆளே இல்லன்னு சத்தியம் பண்றாங்க. ஆளே இல்லன்னு ரிப்போட்டு எழுதி வெச்சிருக்கேன். இன்னிக்கி தபால்ல போவுது."

நடந்ததை எல்லாம் சொன்னேன். சம்மன், கோஷ்டி, கொல்லை வழி ஒன்றையும் விடவில்லை. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். இத்தனை வருஷமாக அந்தத் தெருவில் சம்மன் கொடுத்துக் கொடுத்துத் தோற்றுப்போன ரகசியம் அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று போலிருக்கிறது. "சரி, சாயங்காலம் இன்னொரு தபா வரேன். உங்களுக்காவ" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? பூசாரி கொடுத்துவிட்டார் என்று நிம்மதியாகத் திரும்பினேன்.

அங்கேதான் தெரு மறுபடியும் கெடுத்தது. எதிராத்து மாமா வீடு வீடாகப் போய்ச் சேதி சொல்லிவிட்டார். சாயங்காலம் ஏட்டு வந்தபோது இரண்டு கோஷ்டியும் எங்கள் வாசலில் கூடி நின்றது. அவரைப் பேசவே விடவில்லை.

"இவனைத் தெரியாதா? என் மடியிலே வளர்ந்த குழந்தை!"

"தங்கமான பையன். நாலாயிரமும் தலைகீழாச் சொல்லுவான்." எனக்கு நானூறு கூட நேராக வராது.

"ஓய், இவன் இந்தத் தெருவுக்கே ரத்தினமாக்கும்!" இது எதிராத்து மாமா.

ஏட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து நீங்கதான சாமி, பேரே கேட்டதில்லன்னீங்க?"

மாமா அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். கூட்டம் சிரித்தது. ஏட்டு காகிதத்தை மடித்தார். "நேத்து ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. இன்னிக்கி ஊரே சாட்சி சொல்லுது. இதை எப்டி நான் எழுதுவேன்? மேல கேட்டா என் வேலைக்கில்ல வரும்? இந்த வூட்டுப் பெரியவரைக் கூப்புடுங்க. பெத்தவரு சொல்லட்டும், எழுதிக்கினு போறேன். வேற யார் பேச்சும் வாணாம்."

அப்பா தீர்த்தம் வாங்குகிற இடத்தில் சொன்னது எல்லோருக்கும் தெரியும். சொன்னதைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் அங்கேயே நின்றார்கள். இப்போது பிள்ளை என்று சொன்னால், கடல் தாண்டப் போகிறவனுக்கு அவரே வழிவிட்டதாக ஆகும். எதிர்க் கோஷ்டிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இல்லை என்று சொன்னால் என் பினாங்கு அன்றோடு சரி. எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்பா கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். உள்ளேயிருந்து வந்து வாசற்படியில் நின்றார். அவர் கோஷ்டியில் ஒருவர் அருகே போய், "யோசிச்சுப் பேசும் ஓய். எல்லாரும் கேட்டுண்டிருக்கா" என்று மெதுவாகச் சொன்னார்.

ஏட்டு திண்ணையிலிருந்து எழுந்து நின்று கேட்டார். "பெரியவரே, இவரு உங்களுக்கு இன்னா வேணும்?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஏட்டையே பார்த்துக்கொண்டு, "பிள்ளை" என்றார். பிறகு, "எனக்கு ஒரே பிள்ளை" என்றார். கோஷ்டியில் பாசுரம் எடுக்கிற குரலில், தெருக்கோடிவரை கேட்கும்படி சொன்னார்.

"நேத்து இல்லன்னீங்களே சாமி?"

"நேத்திக்கு என் கோபம் பேசித்து."

ஏட்டு தலையை ஆட்டிக்கொண்டே காகிதத்தை விரித்தார். "அங்க அடையாளம் ஒண்ணு எழுதணும். மச்சம், தழும்பு ஏதாவது இருக்குதா?" என்று என்னைக் கேட்டார். நான் கையைத் திருப்பிப் பார்த்தேன், முழங்காலைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"பிடரியிலே, குடுமிக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கு" என்றார் அப்பா. "கடுகத்தனை. அவனுக்குத் தெரியாது."

ஏட்டு என்னைத் திரும்பச் சொல்லிக் குடுமியைத் தூக்கிப் பார்த்தார். "அட, இருக்குது!" என்றார். இருபத்திரண்டு வயசு வரைக்கும் என்னோடேயே இருந்த மச்சம். அம்மா கூட அதைச் சொன்னதில்லை. பிரசவத்துக்குப் பிறகு அம்மா வெகுநாள் படுத்த படுக்கையாக இருந்தாளாம். அப்போது எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதெல்லாம் அப்பாதான் என்று அன்று ராத்திரி சாதம் போடும்போது அம்மா சொன்னாள். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்பா அன்றைக்கும் சுவரைப் பார்த்துத்தான், "அவனை நன்னாச் சாப்பிடச் சொல்லு" என்றார். ஒரு வார்த்தை கூடியிருந்தது.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனேன். கோஷ்டி தொடங்கப் போகிற நேரம். முதல் வரிசையில் அப்பாவின் இடத்தை அப்படியே விட்டு வைத்திருந்தார்கள். எதிர்க் கோஷ்டிக்காரர்கள்கூட ஒரு சொல் சொல்லவில்லை. அப்பா அந்த இடத்தைத் தாண்டி நடந்தார், இரண்டாவது வரிசையையும் தாண்டினார், கடைசியில் போய் நின்றுகொண்டார். "சொன்ன சொல்லை மாத்தினவனுக்கு இந்த இடம் போதும்" என்று கூப்பிட்டவர்களைக் கையமர்த்திவிட்டார். எல்லோருக்கும் பின்னாலிருந்து அவர் குரல் கிளம்பிற்று, நான் தூணோரம் நின்று அழுதேன்.