பலராமன் ஸ்டூடியோவில் நான்கு கறுப்புப் பற்கள்

தேரடித் தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த பலராமனுக்கு, குழந்தைகளைச் சிரிக்க வைப்பதில் தன்னை மிஞ்ச ஊரில் ஆளில்லை என்ற நினைப்பு. ஃபிளாஷ் அடிக்கும் முன் பிள்ளையின் வாயில் ஒரு சாக்லேட்டைத் திணிப்பார், வித்தை அவ்வளவுதான். மகள் சிந்துஜா ஸ்டூடியோவிலேயே வளர்ந்தவள். தொண்ணூற்றாறில், நாலு வயதில், அவளுக்கு மேல்வரிசை முன்பல் நான்கும் சொத்தை.

"விழப்போற பல்லுதானே, வுடு" என்றே ஆறு மாதம் ஓட்டினார். பிள்ளை இட்லியைக் கடிக்கக்கூட அழ ஆரம்பித்த பிறகு, மனைவி பாஞ்சாலை இருவரையும் செங்கம் ரோட்டுப் பல் டாக்டர் த்ரிசலாவிடம் இழுத்துப் போனாள்.

ஊரிலிருந்த ஆசிரமத்துக்கு வந்த ஜப்பான்காரர் ஒருவர் கொடுத்த சின்னக் குப்பியை டாக்டர் காட்டினார். "வெள்ளியும் ஃப்ளோரைடும் கலந்த மருந்துங்க. தடவினா சொத்தை அதோட நின்னுடும். ஊசி, மிஷின் ஒண்ணும் வேணாம். ஆனா சொத்தை இருக்கற எடம் கறுத்துடும். புதுப்பல் வர்ற வரைக்கும் அப்படியேதான் இருக்கும்."

"கறுப்பா? டாக்டரம்மா, ஊருப் புள்ளைங்கள சிரிக்கச் சொல்றவன் நான். எம்பொண்ணு வாயில கரித்துண்டு இருந்தா எவன் வருவான் கடைக்கு?"

"அப்ப நாலையும் புடுங்கிடலாமா?"

பாஞ்சாலை குறுக்கே வந்தாள். "நீங்க தடவுங்கம்மா. இவரு போட்டோவுல டச்சப் பண்ணிக்குவாரு."

தடவியாயிற்று. அப்போதுதான் பலராமனின் தொழில்மூளை விழித்துக்கொண்டது. ஃபிலிமில் இருப்பதும் வெள்ளிதானே? வெளிச்சம் பட்டால்தானே அது கறுக்கும்? பதினெட்டு வருஷம் டார்க் ரூமில் ஃபிலிம் கழுவியவருக்கு நேற்று வந்த டாக்டரா பாடம் சொல்வது? மகளின் வாயைக் கைக்குட்டையால் பொத்தி ஆட்டோவில் ஏற்றினார். டார்க் ரூமில், சிவப்பு பல்புக்கடியில், ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்.

"வாயத் தொறக்கக் கூடாது கண்ணு."

"ம்ம்."

"பசிக்குதா?"

"ம்ம்ம்!"

மூன்று மணி நேரம் போயிற்று. பாஞ்சாலை கதவை இடித்தாள். "ஏங்க, அது புள்ளையா, நெகட்டிவா? எவ்ளோ நேரம் கழுவுவீங்க?"

பலராமன் மகளின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். அந்தச் சிவப்பு மங்கலில் எல்லாம் ஒரே நிறம். "கறுக்கல! நான் சொன்னேன் இல்ல!" என்று கத்திக்கொண்டே வெற்றியோடு கதவைத் திறந்தார். பகல் வெளிச்சத்தில் சிந்துஜா வாய் திறந்து அழுதாள். நான்கும் மையிட்ட மாதிரி இருந்தன.

ஒரு வாரம் அவர் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அந்த ஒரு வாரத்தில் அவள் இட்லியை விட்டு கொய்யாவுக்கு வந்திருந்தாள், தோலோடு.

ஆறு மாதம் கழித்து மறுபடி தடவப் போனார்கள். "போன தடவ நம்ம ரூம்ல வச்சதாலதான் டாக்டரம்மா மருந்து நல்லா புடிச்சுது" என்றார் பலராமன்.

சிந்துஜா தானாகவே நாற்காலியில் ஏறி, ஜன்னல் பக்கம் திரும்பி, வாயைப் பெரிதாகத் திறந்தாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக மூடி, அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ வெளில உக்காருப்பா."

அவர் வெளியே உட்கார்ந்து, பக்கத்து பெஞ்சுக்காரரிடம் தன் டார்க் ரூம் வைத்தியத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.