மேசைக்காலுக்கு அடியில் வைத்த அட்டை

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். சாதாரண நாளில் அத்தானை "ஏங்க" என்று கூப்பிடுகிறவள் கோபத்தில் "சார்" என்பாள். என்னை "டா" போட்டுப் பேசுகிறவள் அன்று காலை நான் அறையிலிருந்து வெளியே வந்ததும், "வாங்க தம்பி, காபி இருக்கு, ஊத்திக்குங்க" என்றாள். விடுமுறைக்கு வந்த இடத்தில் நான் என்ன செய்துவிட்டேன்?

கோபம் என் மேல் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் வந்த ஒரு போன் மேல்.

அக்காவுக்குத் தட்டச்சுதான் தொழில். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் ரெக்கார்டரில் பேசிவிடுவார்கள். என்ன நோய், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைக் காதில் மாட்டிக் கேட்டு அறிக்கையாக அடித்து அனுப்புவது அவள் வேலை. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு ஒரு வக்கீல் ஆபீசில் சேர்ந்தாள். தான் வாக்கியத்தை முடிப்பதற்குள் இவள் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறாள், அதற்குப் பிறகு மனசை மாற்றிக்கொள்ள முடிவதில்லை என்று அந்த வக்கீலே புலம்பியிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே இந்த டாக்டர் வேலை. டிவி பார்க்கும்போதும் அவள் விரல்கள் தொடையின் மேல் எதையாவது அடித்துக்கொண்டே இருக்கும். மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் கீழிருந்து வரும் சத்தத்தைக் கேட்டு ஏமாந்து, ஒரு பேண்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, கால் பக்கம் மடித்துத் தைத்துத் தர முடியுமா என்று கேட்டாராம். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் அக்காவுக்கு "தையல் மிஷின்" என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போனில் வந்தவர் அவளுக்கு இந்த வேலையைத் தரும் கம்பெனியின் சூப்பர்வைசர். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நாங்களும் கேட்டோம்.

"மேடம், கொஞ்ச நாளா உங்க ரிப்போர்ட்ல தப்பு கூடிப்போச்சு. டாக்டர் ஐம்பது மில்லிகிராம்னு சொல்றாரு, நீங்க ஐநூறுன்னு அடிச்சு அனுப்பியிருக்கீங்க. நான் பிடிச்சேன், ஆச்சு. பிடிக்கலைன்னா?"

"தப்புதாங்க. திருப்பிப் படிச்சப்ப அது கண்ணுல படலை. ஆனா என் கீபோர்டு சரியில்லை. சைபரை ஒரு தடவை தட்டினா ரெண்டு விழுது. சில எழுத்து விழவே மாட்டேங்குது. போன வாரமே உங்களுக்குச் சொன்னேன்."

"எல்லாரும் கீபோர்டைத்தான் சொல்றாங்க மேடம். தப்பா எடுத்துக்காதீங்க, உங்க வயசுக்கு இந்த ஸ்பீடே பெருசு. நாளைக்கு மூணு மணிக்கு வீடியோவுல வாங்க. என் கண்ணு முன்னாடி ஒரு ரிப்போர்ட் அடிங்க. அதுலயும் இப்படி வந்தா வேற வழியில்லை, நிறுத்திடுவோம்."

"சரிங்க சார். ரொம்ப நன்றிங்க சார்."

அத்தான் என்னைப் பார்த்தார். ஒரே மூச்சில் இரண்டு சார்.

வேறு கீபோர்டு வாங்கிச் செருகிவிடலாமே என்று நான் கேட்டேன். நோயாளிகளின் விவரம் வெளியே போகக் கூடாது என்று கம்பெனியின் சாப்ட்வேர் எல்லா ஓட்டைகளையும் அடைத்து வைத்திருக்கிறதாம். ஹெட்போனைத் தவிர எதைச் செருகினாலும் ஏற்காது. புது லேப்டாப் வாங்கினாலும் அந்த சாப்ட்வேரை அவர்கள்தான் ஏற்றித் தர வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே, மூன்று மணிக்குள் இந்தப் பழைய லேப்டாப்பைத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

அந்த லேப்டாப் அத்தானுடையது. அவர் ஓய்வு பெற்றபோது அக்காவுக்குக் கொடுத்தது. அத்தான் எதையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறவர். டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை. சோபாவுக்குக் கடையில் சுற்றித் தந்த பிளாஸ்டிக் இன்னும் பிரிக்கப்படவில்லை. யார் உட்கார்ந்தாலும் மறுஅறைக்குக் கேட்கும். லேப்டாப்பின் எழுத்துகள் மேல் ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பு. அதோடு ஒரு சட்டமும் உண்டு: எப்போதும் சார்ஜர் செருகியே ஓட்ட வேண்டும். பேட்டரியைச் செலவழிக்கக் கூடாது. கரண்ட் போகிற அவசரத்துக்கு அது வேண்டும்.

காலையில் முதல் வைத்தியம் என்னுடையது. அணைத்துப் போட்டேன். அப்டேட் செய்தேன். கீபோர்டு செட்டிங்கில் போய், எழுத்து இரட்டிக்கும் வேகத்தைக் குறைத்தேன். அக்கா ஐம்பது என்று எண்ணில் அடித்தாள். ஐநூறு வந்தது.

"இந்தச் சைபர் என் சம்பளத்துல ஏறினா நல்லாயிருக்கும் தம்பி."

அடுத்தது அத்தான். லேப்டாப்பைக் கவிழ்த்து முதுகில் தட்டினார், புரையேறிய குழந்தைக்குத் தட்டுவது போல. ஒன்றும் விழவில்லை. "நீ டைப்ரைட்டர்ல பழகின கை. ஓங்கி ஓங்கி அடிக்கிற. இது தாங்குமா?" என்றார்.

"ஓங்கி அடிச்சா எழுத்து அதிகமா விழுமா சார்? அப்ப விழாத எழுத்தை நான் என்ன, தடவிக்கிட்டா இருக்கேன்?"

"தூசு இருக்கும்."

அக்கா ரப்பர் விரிப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பில் உரித்து எடுத்தாள். அத்தான் தன் தோலை உரித்தது போலத் துடித்தார். அடியில் எழுத்துகள் கடையில் வாங்கின அன்று இருந்த மாதிரி பளபளத்தன. ஒரு தூசு இல்லை.

"தூசு எங்க சார்?"

பிறகு அவள் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டு, "நீங்க உட்காருங்க. ஐம்பது அடிங்க" என்றாள். அத்தான் ஒற்றை விரலால், பூவைத் தொடுவது போல அடித்தார். ஐநூறு வந்தது.

"இப்ப சொல்லுங்க. இது என் கையா, மிஷினா?"

அத்தான் தன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எனக்கும் வயசாச்சு இல்ல?"

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் அக்காவின் முகம் இறுகிவிட்டது. அலமாரியைத் திறந்து ஒரு மஞ்சள் ஸ்பாஞ்சு பந்தை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். எனக்குப் புரியவில்லை.

"தம்பிக்குத் தெரியாதில்ல, நானே சொல்றேன். தப்பு வர ஆரம்பிச்சதும் உங்க அத்தான் வாங்கிட்டு வந்தாரு. விரல்ல நரம்பு தளர்ந்திருக்கும், இதைப் பிசைன்னாரு. கண்ணையும் காட்டிட்டு வான்னாரு. நானும் பிசைஞ்சேன். தினமும் காலையில எழுந்ததும், யாருக்கும் தெரியாம பாத்ரூம்ல உட்கார்ந்து பிசைஞ்சேன். ராத்திரி படுத்தா எந்த விரல் ஏமாத்துதுன்னு ஒவ்வொண்ணா மடக்கிப் பார்ப்பேன். சூப்பர்வைசர் சார் போன்ல வயசைச் சொன்னப்ப எனக்கு ஏன் அவ்வளவு எரிஞ்சுதுன்னா, அதுக்கு முன்னாடியே வீட்டுல சொல்லி, நானும் அதைப் பாதி நம்பிட்டேன்."

அத்தான் நாற்காலியை விட்டு எழுந்துபோய் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். சோபா பிளாஸ்டிக் மட்டும் அவர் அசைந்ததைச் சொன்னது.

அக்கா மறுபடியும் லேப்டாப் முன் உட்கார்ந்தாள். கோபம் இப்போது அவள் விரல்களில் இருந்தது. வரிசை வரிசையாக ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் பார்த்தாள். ஓரத்து எழுத்துகள் ஒழுங்காக வந்தன. நடுவிலும் அதையொட்டி வலது பக்கத்திலும்தான் கோளாறு. ஓடி ஓடிச் சூடேற ஏற, கோளாறு அதிகமாயிற்று. அவள் அழுத்தும் ஒவ்வொரு முறையும் லேப்டாப் இப்படியும் அப்படியும் லேசாக ஆடியது.

"மேசை ஆடுது பாரு" என்று சொல்லிக்கொண்டே அத்தான் எழுந்து வந்து குனிந்து, மேசைக்காலுக்கு அடியில் இருந்த அட்டையைச் சரிசெய்தார். சோப்புப் பெட்டி அட்டை. மேசை ஆட ஆரம்பித்ததும் அவர்தான் அதை மடித்து வைத்திருந்தார். பிறகும் ஆடியதால் இன்னொரு மடிப்பு, அதன் பிறகும் ஒன்று.

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. "இதை எப்ப வெச்சீங்க?"

"என்னமோ, நீ எழுத்து விழலைன்னு சொல்ல ஆரம்பிச்ச சமயம்தான்."

அவள் லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து பிடுங்கித் தூக்கிக்கொண்டு போய் சமையலறைக் கல்மேடையில் வைத்தாள். ஒரு மூலையைத் தொட்டாள். ஆடியது. கல்மேடை ஆடாது. குனிந்து கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பார்த்தாள். நானும் குனிந்தேன். லேப்டாப்பின் அடிவயிறு தொப்பை போட்டிருந்தது. மேலே எழுத்துகளின் நடுவிலும் ஒரு மெல்லிய மேடு. ரப்பர் விரிப்பு இத்தனை நாள் அந்த மேட்டை மூடி மறைத்திருந்தது.

"அக்கா, பேட்டரி உப்பியிருக்கு. தீப்பிடிக்கும். அணைச்சிடு. எல்லாரும் வெளிய போயிடலாம்."

"நீங்க வேணா போங்க தம்பி. எனக்கு மூணு மணிக்கு வேலை இருக்கு."

"கடைக்காவது கொண்டு போயிடலாம்."

"கடைக்காரன் வெச்சுட்டுப் போங்க, நாளைக்கு வாங்கன்னுவான்."

அணைத்தாள். ஆறவிட்டாள். மூக்குக்கண்ணாடி திருகும் ஸ்குரூடிரைவரால் அடிமூடியைக் கழற்றினாள். நான் கதவருகே நின்றுகொண்டு, குத்தாதே, வளைக்காதே, கூர்மையான எதையும் பக்கத்தில் கொண்டு போகாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூடி பாதி திறக்கும்போதே தானாக மேலே எழும்பியது. உள்ளே பேட்டரி சின்னத் தலையணை மாதிரி உப்பி, எழுத்துப் பலகையைக் கீழிருந்து முட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஒயரைப் பிரித்து இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தாள். அத்தான் பால்கனியில் ஒரு பூந்தொட்டியில் இருந்த செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காய்ந்த மண்ணோடு அந்தத் தொட்டியை நீட்டினார். பேட்டரி மண்ணில் படுத்தது. பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் மறுநாளே கொடுத்துவிடுவதாக அத்தான் கேட்காமலே சொன்னார்.

ஒரு வார்த்தை அதிகமாகவும் சொன்னார். "எப்பவும் கரண்ட்லயே இருந்ததால உப்பியிருக்கு போல. உனக்கு ஒரு அவசரத்துக்கு ஆகும்னுதானே சேர்த்து வெச்சேன்."

"தெரியும் சார். பேட்டரியைச் சேர்த்து வெச்சீங்க. என்னைத்தான் செலவு பண்ணிட்டீங்க."

அவர் தொட்டியைப் பால்கனியின் மூலைக்கு நகர்த்தி வைத்தார்.

மூடியைத் திரும்பப் போட்டதும் லேப்டாப் மேசையில் அசையாமல் உட்கார்ந்தது. இப்போது மூன்று மடிப்பு அட்டையால் மேசைதான் ஆடியது. அக்கா அட்டையைக் காலால் எற்றிவிட்டாள். சார்ஜரைச் செருகினாள். ஐம்பது அடித்தாள். ஐம்பது வந்தது. நூறு, ஆயிரம், பத்தாயிரம். ஒரு சைபர் கூடுதலாகவும் இல்லை, ஒன்று குறைவாகவும் இல்லை. பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, வக்கீல் ஆபீஸ் காலத்து வேகத்தில் ஒரு பக்கம் அடித்தாள். மாடி வீட்டுக்காரம்மாவுக்குக் கேட்டிருக்கும். முடித்துவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தாள். யாரோ அபாண்டமாகத் திட்டி அனுப்பி, திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

திரை சட்டென்று அணைந்தது.

வருஷக்கணக்கில் செருகியே கிடந்ததில் சார்ஜர் முனை தளர்ந்திருந்தது. பேட்டரி இருந்தவரை அது தெரியவில்லை. இப்போது ஒயர் கொஞ்சம் அசைந்தாலும் எல்லாம் போய்விடும். ஒரு கோணத்தில் மேல்நோக்கி அழுத்திப் பிடித்தால்தான் உயிர் இருந்தது. மணி இரண்டரை தாண்டியிருந்தது.

"நான் பிடிச்சுக்கறேன்" என்றேன்.

"வேண்டாம் தம்பி. செருகியே வெக்கச் சொன்னவர் இருக்காரு." அவள் அத்தான் பக்கம் திரும்பினாள். "சார், கீழ உட்காருங்க."

அத்தான் மேசைக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை மேலே நீட்டி ஒயரைப் பிடித்தார். கேமராவில் தெரியாமல் இருக்கத் தலையைத் தாழ்த்திக்கொண்டார். மூன்று மணிக்கு சூப்பர்வைசர் திரையில் வந்தார். நெற்றியில் முடி விழும் இளம்முகம்.

"ரெடியா மேடம்? அவசரம் இல்லை, மெதுவாவே அடிங்க."

அக்கா ஹெட்போனை மாட்டினாள். அவர் அனுப்பியது இதய டாக்டர் ஒருவரின் குரலாம், வாய்க்குள்ளேயே பேசுகிறவர். அக்கா மெதுவாக அடிக்கவில்லை. குரல் நின்ற அதே நொடியில் அவள் கையும் நின்றது. பிறகு முழுவதையும் ஒரு முறை படித்தாள், எண்களை விரல் வைத்து இன்னொரு முறை படித்தாள், அனுப்பினாள். அத்தானின் கை சோர்ந்து இறங்க ஆரம்பித்திருந்தது. மறுகையால் அந்த முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

சூப்பர்வைசர் படித்தார். மேலிருந்து மறுபடியும் படித்தார். "இதுல தப்பு இல்லை மேடம். நல்லா வந்திருக்கு. நீங்க கன்டினியூ பண்ணலாம்."

நான் மூச்சு விட்டேன். அத்தான் கையைத் தளர்த்தப் போனார். அக்கா மேசைக்கு அடியில் காலால் அவரைத் தொட்டாள். கை திரும்ப விறைத்தது.

"நன்றிங்க சார். கீபோர்டுக்கு அடியில பேட்டரி உப்பி முட்டிக்கிட்டு இருந்துது. எடுத்துட்டேன். போட்டோ அனுப்பியிருக்கேன். பழைய ரிப்போர்ட்டுல இருந்த தப்பெல்லாம் என் பேர்ல கவனக்குறைவுன்னு ஏத்தியிருக்கீங்க. அதை மிஷின் கோளாறுன்னு மாத்தணும்."

"அதெல்லாம் ஏத்தினா ஏத்தினதுதான் மேடம். விடுங்க, இனிமே பார்த்துக்கலாம்."

"ஐநூறு போனதைத் திருப்பிப் படிச்சுப் பிடிக்காதது என் தப்பு. அது என் பேர்லயே இருக்கட்டும். மத்தது என்னுது இல்லை. கீபோர்டு சரியில்லைன்னு உங்ககிட்ட முன்னாடியே சொன்னேன். நீங்க வயசைச் சொன்னீங்க."

திரையில் இருந்தவர் நெற்றி முடியை ஒதுக்கினார். "நான் அப்படி நினைச்சுச் சொல்லலை மேடம். மேல கேட்டுத்தான் சொல்லணும்."

"கேளுங்க சார். அவசரம் இல்லை, மெதுவாவே கேளுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் மைக்கை அணைத்துவிட்டு யாருக்கோ போன் செய்வது தெரிந்தது. அக்கா கைகளை மேசை மேல் கோத்து வைத்துக்கொண்டு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்கள் எதையும் அடிக்கவில்லை.

கீழேயிருந்து அத்தான் கிசுகிசுத்தார். "பாஸ் ஆயிட்ட இல்ல? விடலாமா? கை மரத்துப் போச்சு."

"பிடிங்க" என்றாள் அக்கா. கொஞ்சம் கழித்து, திரும்பாமலே, மேசையில் இருந்த மஞ்சள் பந்தை அவர் மடியில் உருட்டிவிட்டாள். "மரத்துப் போனா இன்னொரு கையால இதைப் பிசைஞ்சுக்கிட்டு இருங்க. நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க."